அழுக்கோடு விடுங்கள்: பழைய மர லூர் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மர லூர்களை, அதாவது தூண்டிலில் கட்டி மீனை ஏமாற்றும் செயற்கை இரைகளை, சேகரிக்க வரும் புதியவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இவற்றில் பாதியை நானும் தொடக்கத்தில் செய்தவன்தான். முள் குத்தும், பார்த்து எடுங்கள், விசாரித்து வாங்குங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கின் மையம் அமெரிக்காதான். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மிச்சிகன், இந்தியானா, ஒஹாயோ மாநிலங்களில் செய்த லூர்களைத்தான் பெரும்பாலோர் தேடுகிறார்கள்: டோவாஜாக் ஊரின் ஹெட்டன், கேரட் ஊரின் கிரீக் சப், கலமசூவின் ஷேக்ஸ்பியர், ஆக்ரனின் ஃப்ளூகர், சவுத் பெண்ட் ஆகிய நிறுவனங்களுடையவை. கீழே சொல்வதெல்லாம் இவற்றை மனதில் வைத்துத்தான்.

காப்புரிமைத் தேதியை வயது என்று நினைப்பது

கிரீக் சப் லூரின் வாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தகட்டில் 9-7-20 என்று பொறித்திருக்கும். உடனே '1920இல் செய்தது' என்று விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அது காப்புரிமை கிடைத்த நாள். அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வரும் என்பதால் செப்டம்பர் 7, 1920. அதே பொறிப்போடு அந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் லூர் செய்து விற்றது. வயது தெரிய வேண்டுமென்றால் கண்ணைப் பாருங்கள். கண்ணாடிக் கண் பொதுவாக முந்தையது. வர்ணத்தில் வரைந்த கண் பிந்தையது. ஹெட்டனில் ஹூக்கைப் பிடித்திருக்கும் உலோகப் பாகம் இன்னும் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். முதலில் மரத்துக்குள் பதித்த சிறு கிண்ணமும் திருகும், அப்புறம் ஆங்கில எல் எழுத்து வடிவக் கம்பி, அதன் பின் இரண்டு துண்டுத் தகடு, கடைசியாக மேற்பரப்பில் திருகிய தகடு. இந்த வரிசை மனதில் நின்றுவிட்டால் விற்பவர் சொல்லும் கதையைக் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.

பழையதெல்லாம் அரிது என்று நம்புவது

இல்லை. கிரீக் சப் நிறுவனத்தின் பைக்கி என்ற மாடல் ஏராளமாகச் செய்து ஏராளமாக விற்ற லூர்.

சுத்தம் செய்வது

இதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அவருடைய மாமனாரின் தூண்டில் பெட்டியிலிருந்து ஹெட்டன் 150 என்ற மாடல் லூர் ஒன்று கிடைத்தது. பக்கத்துக்கு இரண்டு, வாலில் ஒன்று என்று ஐந்து மூன்றுமுள் ஹூக்குகள், தலையிலும் வாலிலும் சிறு புரொப்பெல்லர், கண்ணாடிக் கண். பச்சை முதுகு முழுக்க மெல்லிய வெடிப்புக் கோடுகள். 'வர்ணம் வெடித்துப்போயிருக்கிறது, சரி செய்துவிடலாம்' என்று நினைத்து நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். பஞ்சு பச்சையானது. முதுகு வெள்ளையானது. வெடிப்பு என்று அவர் நினைத்தது வெடிப்பே இல்லை. கிராக்கிள் பேக் என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் பூச்சு அது. தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று கொண்டுவந்த கோலம். அந்த லூரை விலை உயர்த்திக் காட்டியிருக்க வேண்டியதே அந்தக் கோடுகள்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். போன வர்ணத்தை எனாமலால் நிரப்பினார். துருப்பிடித்த ஹூக்குகளைக் கழற்றிப் புது ஹூக்குகள் போட்டார். புரொப்பெல்லரை மெட்டல் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினார். அப்புறம் என்னிடம் காட்டி 'எவ்வளவு போகும்?' என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மாமனார் அதைத் தண்ணீரில் வீசி மீன் பிடித்த அடையாளம் ஒன்றுகூட அதில் மிச்சமில்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த லூர்களின் மதிப்பு முழுக்க அந்த முதல் பூச்சில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது சாதாரண மரக்கட்டை. செதில் போலத் தெரியும் வடிவங்கள் வலைத்துணியை மேலே போர்த்தி வர்ணம் தெளித்து வந்தவை. அதன் மேல் இருப்பது மெல்லிய வார்னிஷ், அவ்வளவுதான். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் இருக்கும் அசிட்டோன் பட்டால் அந்த இரண்டும் கரைந்துவிடும். சோப்புத் தண்ணீர் பாதுகாப்பானது என்று நினைப்பவர்களும் உண்டு. ஹூக் திருகின் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் மரம் ஊதும். காய்ந்த பிறகு திருகைச் சுற்றி வர்ணம் செதில் செதிலாக எழும். அன்றைக்குத் தெரியாது, சில மாதம் கழித்துத் தெரியும். மெட்டல் பாலிஷோ பித்தளை மேல் இருக்கும் மெல்லிய நிக்கல் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, இடுக்குகளில் வெள்ளைத் தூளாகத் தங்கிவிடும்.

திருகைக் கழற்றவே கழற்றாதீர்கள். பழைய திருகின் தலையைச் சுற்றி அழுக்கும் துருவும் சேர்ந்து ஒரு வளையம் உறைந்திருக்கும். ஒருமுறை திருப்பினாலும் அந்த வளையம் உடையும், திருகின் வெட்டில் புதுக் கீறல் பளிச்சென்று தெரியும். அனுபவமுள்ளவர் பூதக்கண்ணாடியில் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். பிறகு பூசிய வர்ணத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால், பல சமயம் பழைய பூச்சிலிருந்து வேறாக ஒளிரும். விற்பவர் சொல்லாவிட்டாலும் லூர் சொல்லிவிடும்.

அப்படியென்றால் எதுவுமே செய்யக்கூடாதா? மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். போதும். துருப்பிடித்த முதல் ஹூக், பளபளக்கும் புது ஹூக்கைவிட எப்போதும் மேல். வர்ணம் பூசித்தான் ஆக வேண்டும் என்ற ஆசை அடங்காவிட்டால், பூச்சு ஏற்கெனவே முழுதாகப் போன கட்டை ஒன்றை வாங்கிப் பூசுங்கள். வயிற்றில் 'மறுபூச்சு' என்று அழியாத மையில் எழுதியும் வையுங்கள். எழுதாமல் விட்டால், நீங்கள் நேர்மையாகச் செய்த வேலையையே உங்களுக்குப் பின் வரும் ஒருவர் அசல் என்று விற்பார்.

பெட்டியைத் தூக்கி எறிவது

எறியாதீர்கள். சில லூர்களில் அட்டைப் பெட்டியின் விலை உள்ளே இருப்பதைவிட அதிகம். முந்தைய ஹெட்டன்களுக்கு வந்த, மூடியை நகர்த்தித் திறக்கும் மரப்பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் பெட்டியோடு வருவதை எல்லாம் ஜோடி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பெட்டியின் ஓரத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். கிரீக் சப்பில் 700 என்பது பைக்கி வரிசை. 701 என்றால் பெர்ச் மீனின் வர்ணம், 702 என்றால் வெள்ளை உடலும் சிவப்புத் தலையும். 702 என்ற பெட்டிக்குள் பெர்ச் வர்ண லூர் படுத்திருந்தால், யாரோ பிற்பாடு சேர்த்து வைத்தது அது. இரண்டுக்கும் தனித்தனி விலை கொடுங்கள், ஜோடிக்கான விலை கொடுக்காதீர்கள்.

ஏலச் செய்தியை நம்பி வாங்குவது

2003இல் ஹாஸ்கெல் மின்னோ என்ற பெரிய செப்பு லூர் ஒன்று ஏலத்தில் 1,01,200 டாலருக்குப் போனது. அதன் காப்புரிமை 1859ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது மரமும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் பைக்கிக்கும் அந்த விலைக்கும் சம்பந்தமில்லை.

பிளாஸ்டிக் புழுக்களோடு சேர்த்து வைப்பது

இரையாகப் பயன்படும் மென்மையான பிளாஸ்டிக் புழுக்களை மர லூர் படும்படி வைத்தால், புழுவை மென்மையாக்கக் கலந்த நெகிழ்விப்பான் வர்ணத்தை இளக்கிவிடும். புழு ஒட்டிய இடத்தில் மரம் தெரியும். குமிழி பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்கில் சுற்றி வைத்தாலும் பூச்சில் வட்ட வட்டமாகத் தடம் விழலாம். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். நேர் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் சிவப்புத் தலைகள்தான் முதலில் வெளுக்கும்.

இன்னொன்று. ஹெட்டன் 1930களில் பைராலின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த, ஸ்பூக் என்ற பெயருள்ள முதல் லூர்கள் கிடைத்தால் அவற்றை மர லூர்களோடு ஒரே இழுப்பறையில் மூடி வைக்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் தானே சிதைந்து வாயு விடும். அது பக்கத்திலுள்ள லூர்களின் உலோகத்தையும் அரிக்கும். காற்றோட்டமுள்ள இடத்தில் தனியாக வையுங்கள், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். உலோகப் பாகங்களில் பச்சை பூக்கத் தொடங்கியிருந்தால் அருகில் இருப்பவற்றை அன்றே அப்புறப்படுத்துங்கள்.