மருந்து போட்டும் ஜெந்திக் (கொசுப் புழு) நீந்துகிறதா? கோப்பையில் சோதித்துப் பாருங்கள்

லயத்து வீட்டுப் பின்வாசலில் மழைநீர் டிரம் வைத்திருப்பவர்கள், பைரிப்ராக்சிஃபென் என்ற கொசு மருந்துக் குருணை போட்ட மறுநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் சாகவில்லையே" என்று இன்னொரு பிடி அள்ளிப் போடுவார்கள். வேண்டாத வேலை. புழுவையே கொல்வது அபேட் என்ற வேறு மருந்து. இந்த மருந்தின் வழி வேறு.

புழு தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் எக்டைசோன் ஹார்மோன் செல்லுக்குள் உள்ள தன் ஏற்பியைப் பிடித்து, புதுத் தோல் கட்டும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. அந்தத் தோலுக்குள் இருக்கப்போவது புழுவா, கூட்டுப்புழுவா என்பதைத் தீர்மானிப்பது இளமை ஹார்மோன். கடைசியான நான்காம் பருவத்தில் அது வற்றினால்தான் கொசு உருவாகும். பைரிப்ராக்சிஃபென் இளமை ஹார்மோனின் வேடத்தில், அதற்குரிய 'மெட்' ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது. சின்னப் புழுவின் உடலில் இளமை ஹார்மோன் எப்படியும் இருப்பதால் அதற்குப் பெரிதாகப் பாதிப்பில்லை. சாவு பெரும்பாலும் கூட்டுப்புழுவில்தான்.

குடிநீரில் உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 200 லிட்டர் டிரம்முக்கு 0.5 சதவீதக் குருணை 0.4 கிராம் போதும். கைக்கணக்கு உதவாது, நகைத் தராசில் நிறுங்கள்.

மருந்து போடுமுன் டிரம் தண்ணீரில் அரை லிட்டர் தனியே எடுத்து வையுங்கள். மறுநாள், மருந்து படாத பழைய டயரிலிருந்து பெரிய புழுக்களாக 50 பிடித்து, 25ஐ அந்தப் பழைய தண்ணீரிலும் 25ஐ மருந்துத் தண்ணீரிலும் விடுங்கள். கூட்டுப்புழுவாகிவிட்டவை வேண்டாம்; அவற்றில் பல கொசுவாகிவிடும், கணக்கு கெடும். மீன் தீனித் தூள் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத் தூவி, வலைத்துணியால் மூடிக் கட்டுங்கள். தீனி கூடினால் மேலே ஆடை படியும், மருந்தில்லாத கோப்பையிலும் புழு மூச்சுத் திணறிச் சாகும்.

புழுவோ கூட்டுப்புழுவோ ஒன்றுகூட உயிரோடு இல்லாமல் போகும் வரை காத்திருந்து, பறக்கும் கொசுக்களை எண்ணுங்கள். தோலில் பாதி சிக்கிச் செத்தது கொசுக் கணக்கில் சேராது. மருந்தில்லாததில் 22, மருந்துள்ளதில் 2 என்றால், 2ஐ 22ஆல் வகுத்து 100ஆல் பெருக்கி, 100இலிருந்து கழியுங்கள்: 91 சதவீதம் தடுத்திருக்கிறது. மருந்தில்லாத கோப்பையில் 20க்குக் குறைந்தால் சோதனையே செல்லாது.

அதிகம் பேர் சறுக்குவது கோப்பையில்தான். இந்த மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டும். கழுவினாலும் மிச்சம் இருக்கும், அந்த மிச்சமே புழுவுக்குப் போதும். ஒருமுறை மருந்து பட்ட கோப்பையையும் சொட்டுக்குழாயையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று: சுகாதார அதிகாரி வந்தால் உங்கள் 91 சதவீதத்தைக் கேட்கமாட்டார். உயிருள்ள புழு கண்ணில் பட்டால் மலேசியாவின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் எழுதலாம். டிரம்முக்கு மூடியும் போடுங்கள். சோதனையில் பிறந்த கொசுக்களை வலையோடு ஓர் இரவு ஃபிரீசரில் வைத்துவிட்டுக் கொட்டுங்கள்.