நான்கு போக்கர் சிப்ஸ்: ஒரு மேஜிக்கின் பூர்வீகத்தை நாமே தேடுவது எப்படி?

மேசையில் சதுரமாக நான்கு மூலைகள், மூலைக்கு ஒரு போக்கர் சிப், அதாவது போக்கர் என்ற சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லை. செய்பவர் இரண்டு மூலைகளைக் கையால் மூடித் திறக்கிறார். ஒரு மூலை காலியாகிவிட்டது, மற்ற மூலையில் இரண்டு. இப்படியே போய்க் கடைசியில் நான்கும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கொஞ்சம் கைப்பழக்கம் உள்ள பிள்ளைகள் போனில் பார்த்து இதைப் பழகி, பாடசாலைக் கலைவிழாவில் செய்து காட்டுகிறார்கள். எப்படிச் செய்வது என்று சொல்ல வீடியோக்களுக்குக் குறைவில்லை. "இதை முதலில் செய்தது யார்?" என்று கேட்டால் மட்டும் வீடியோ போட்டவரின் பெயர்தான் பதிலாக வருகிறது.

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை எப்படித் தேடுவது என்பதுதான் இந்தப் பதிவு. வித்தையின் இரகசியம் இதில் வராது. ஒரு போன், ஒரு கொப்பி, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கிற பொறுமை, இவை இருந்தால் போதும். ஆங்கிலம் கஷ்டம் என்றால் பாடசாலையில் ஆங்கில ஆசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி வேலைக்கு அவர்கள் மாட்டேன் என்று சொல்வதில்லை.

படி 1: பொருளின் பெயர் இல்லாமல் எழுதுங்கள்

பார்த்த வித்தையைக் கொப்பியில் ஒரு வரியில் எழுதுங்கள். "சிப்ஸ்" என்ற சொல் வரக் கூடாது. "நான்கு மூலைகளில் இருந்த நான்கு சிறு பொருள்கள், மூடித் திறக்கும்போது ஒவ்வொன்றாக ஒரே மூலைக்குப் போய்ச் சேர்கின்றன." இவ்வளவுதான்.

பொருளைப் பிடித்துக்கொண்டு தேடினால் வேறு எங்கோ போய் நிற்போம். தமிழில் சிப்ஸ் என்று தேடினால் மரவள்ளிக்கிழங்கு பொரிக்கத்தான் கற்றுக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் தேடினால் விரல்களுக்கு நடுவே சிப்பை உருட்டுவது, சிப்ஸ் அடுக்கு ஒன்றை ஒற்றைக் கையால் இரண்டாகப் பிரித்துச் சேர்ப்பது என்று வந்து குவியும். அவை போக்கர் ஆடுபவர்கள் சீட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பழகிய விரல் விளையாட்டு. அழகுதான், ஆனால் அதில் எதுவும் மறைவதில்லை. நாம் தேடுவது அதுவல்ல.

படி 2: பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்

இரண்டு கோடு போட்டு மூன்று பத்தி ஆக்குங்கள். முதலாவது, பார்ப்பவர் கண்ணுக்கு என்ன நடந்தது. இரண்டாவது, செய்பவர் அதை எப்படிச் செய்தார். மூன்றாவது, எதை வைத்துச் செய்தார்.

மூன்றுக்கும் ஒரே வயது இருக்க வேண்டியதில்லை. நூறு வருடப் பழைய வித்தையை ஐம்பது வருடப் பழைய கைவேலையால், போன மாதம் வாங்கிய சிப்ஸை வைத்துச் செய்யலாம். "இது என்னுடையது", "இல்லை, அவருடையது" என்று மேஜிக்காரர்கள் போடும் சண்டைகளில் பாதி, ஒருவர் முதல் பத்தியையும் மற்றவர் இரண்டாம் பத்தியையும் மனதில் வைத்துப் பேசுவதால் வருவது. மூன்றாம் பத்தி பெரும்பாலும் வயதில் இளையது. அதை நம்பித் தேடலைத் தொடங்காதீர்கள்.

படி 3: எதால் மூடுகிறார்?

இந்த வித்தையில் முக்கியமான தடயம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். வீடியோவைச் சத்தமில்லாமல் இன்னொரு தடவை ஓடவிட்டு, சிப்ஸை விட்டுவிட்டு மூடும் பொருளை மட்டும் பாருங்கள்.

வெறும் கைகளால் மூடினால் அது "சிங்க்-அ-சிங்க்" (Chink-a-Chink) என்ற கிளை. அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருபவர் மேஜிக்காரர் மேக்ஸ் மாலினி (Max Malini, 1873–1942). அவர் அதைச் சீனிக்கட்டிகளை வைத்துச் செய்தார். தேநீர் மேசையில் கிடப்பதை எடுத்தே விருந்தாளிகளைத் திகைக்கவைக்கும் ஆள் என்பதை நினைத்தால், ஏன் சீனிக்கட்டி என்று புரியும்.

நான்கு பொருளுக்கு நான்கு சீட்டு என்று மூடினால் அது "மேட்ரிக்ஸ்" (Matrix). அல் ஷ்னைடர் உருவாக்கியது. 1970இல் "ஜீனியை" (Genii) என்ற அமெரிக்க மேஜிக் சஞ்சிகையில் வந்தது. இன்று போனில் பார்க்கும் சீட்டு வடிவங்களில் பெரும்பாலானவை இதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

விரித்த துணியின் மூலைகளில் காசு, மூடுவதற்கு இரண்டே சீட்டு என்றால் இன்னும் பழைய கிளைக்கு வந்துவிட்டீர்கள். "சிம்பதெட்டிக் காயின்ஸ்" (Sympathetic Coins) என்பது அதன் பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யாங்க் ஹோ (Yank Hoe) என்ற மேடைப் பெயரில் இருந்தவருடையது. டி. நெல்சன் டவுன்ஸ் 1909இல் வெளியிட்ட "தி ஆர்ட் ஆஃப் மேஜிக்" நூலில் இது விளக்கமாக இருக்கிறது.

எல்லாம் சேர்ந்த பிறகு, ஒரே நொடியில் நான்கும் பழைய மூலைகளுக்கே திரும்பிப் போனால் "ரிவர்ஸ்" என்ற சொல்லையும் சேர்த்துத் தனியாகத் தேடுங்கள். நான்கு சிப்ஸும் நான்கு நிறமாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிறம் எங்கே போனது என்று பார்ப்பவர் பின்தொடர முடிவதால், செய்பவர் வேறு வழியில் போயிருக்கத்தான் வாய்ப்பு.

இன்னொன்று. கசினோ சிப் சுமார் 39 மில்லிமீட்டர் அகலம். நம்முடைய 10 ரூபாய்க் குற்றியை விட நன்றாகப் பெரியது. சின்னக் காசுக்காக ஏற்பட்ட கைவேலை அப்படியே இதற்குப் பொருந்தாது, யாரோ மாற்றியிருப்பார்கள். ஆகவே முதல் பத்தியில் மாலினி பெயர் வந்தாலும் இரண்டாம் பத்தியில் அதே பெயரை எழுதிவிடாதீர்கள். இந்த வித்தியாசத்தைக் கையாலேயே உணர வேண்டுமென்றால் ஒரு கரம் காயையும் 10 ரூபாயையும் மாறி மாறி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்.

படி 4: தேடும் இடங்கள்

மேலே சொன்ன பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுங்கள். கான்ஜரிங் கிரெடிட்ஸ் (Conjuring Credits) என்ற தளம், ஒவ்வொரு வித்தைக்கும் யார் யார் எப்போது எதைச் சேர்த்தார்கள் என்று சொல்லும். கான்ஜரிங் ஆர்க்கைவ் (Conjuring Archive) என்ற தளம் எந்த நூலில் எந்தப் பக்கம் என்று காட்டும், நூலைக் காட்டாது. பழைய நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ், புராஜெக்ட் குட்டன்பர்க். இரண்டிலும் காசு கேட்கமாட்டார்கள்.

பக்கங்களைப் படமாக எடுத்த பிடிஎஃப் கோப்புகள் டேட்டாவைத் தின்றுவிடும். எழுத்து வடிவம் இருந்தால் அதை எடுங்கள். மழையும் பனியும் மூடினால் தோட்டத்துப் பக்கம் சிக்னல் இழுபறிதான், அதனால் டவுனுக்குப் போகும் நாளில் இறக்கிவைத்துக்கொள்வது நல்லது. வேண்டிய ஓரிரு பக்கங்களை கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வாசியுங்கள்.

கண்டிக்குப் போக முடிந்தால் டி. எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகத்தில் கேளுங்கள். எந்த நூலகமானாலும், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறைப்படி மேஜிக் நூல்களுக்கான எண் 793.8. நூலகரிடம் வித்தையை விளக்கிக்கொண்டு நிற்காமல் எண்ணைச் சொன்னால் வேலை சுலபம்.

படி 5: மூலப் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள்

இன்ன நூலில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது தகவல். நீங்களே அந்தப் பக்கத்தை வாசித்த பிறகுதான் அது ஆதாரம். வாசிக்கும்போது படி 1இல் எழுதிய வரியோடு ஒப்பிடுங்கள்.

ஆண்டைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். காசு மேஜிக்கில் பலரும் கைகாட்டும் ஜே. பி. போபோவின் "மாடர்ன் காயின் மேஜிக்" முதலில் வந்தது 1952இல். அதன் மலிவுப் பதிப்பு ஒன்று 1982இல் வந்தது. கையில் கிடைத்ததில் 1982 என்று பார்த்து எழுதினால் அதில் உள்ள எல்லா வித்தையும் முப்பது வருடம் இளமையாகிவிடும். அட்டையைத் திருப்பி, முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று தேடுங்கள்.

படி 6: செய்த காலம் வேறு, அச்சான காலம் வேறு

மாலினி இறந்தது 1942. அவருடைய மேஜிக் பற்றி டாய் வெர்னன் என்ற மேஜிக்காரர் சொன்னவற்றை லூயிஸ் கான்சன் எழுதி நூலாக்கியது 1962. அச்சான ஆண்டை மட்டும் வரிசைப்படுத்தினால் மாலினி தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் பின்னால் போய்விடுவார். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு ஆண்டு எழுதுங்கள். ஒன்று தெரியாவிட்டால் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

"கண்டுபிடித்தவர்" என்ற சொல்லையும் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். "அச்சில் எனக்குக் கிடைத்த மிகப் பழைய குறிப்பு" என்று எழுதினால், நாளைக்கு இன்னொருவர் அதைவிடப் பழையதைக் கொண்டுவந்தாலும் உங்கள் கொப்பி பொய்யாகாது.

படி 7: இப்போது சிப்ஸுக்கு வரலாம்

மூன்றாம் பத்தியைக் கடைசியில் தொடுகிறோம். போக்கரில் ஆரம்பத்தில் பந்தயமாக வைத்தவை காசு, தங்கத்தூள் போன்றவை. பிறகு எலும்பு, தந்தம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் களிமண் கலவையில் செய்த சிப்ஸ் பரவின. ஆக, களிமண் சிப்ஸ் வித்தைக்கு அதற்கு முந்திய தேதி யாராவது சொன்னால் சந்தேகப்படலாம்.

ஆனால் பணமில்லாத, பணத்துக்குப் பதிலாக நிற்கும் வட்ட வில்லை மேஜிக்காரன் கையில் இருப்பது மிகப் பழைய விஷயம். இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் 1584இல் "தி டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்" எழுதினார். சூனியக்காரிகள் என்று சொல்லி ஏழைப் பெண்களைத் தண்டிப்பதை எதிர்த்து எழுதிய நூல் அது. பேயும் இல்லை பிசாசும் இல்லை, எல்லாம் கைவேகம் என்று காட்டுவதற்காக அந்தக் கால வித்தைகளைப் பிரித்துப் போட்டார். அவற்றில் ஒன்று காசைக் கணக்கு வில்லையாகவும், வில்லையைக் காசாகவும் மாற்றுவது. கோடு போட்ட மேசையில் வைத்துக் கூட்டிக் கழிப்பதற்கு வணிகர்கள் பாவித்த வில்லைகள் அவை. சிப்ஸுக்கு நெருங்கிய சொந்தம்.

இதைப் பார்த்ததும் "நம் வித்தை 1584இல் இருந்தே இருக்கிறது" என்று எழுதக் கை பரபரக்கும். முதல் பத்தியைப் பாருங்கள். ஸ்காட் சொல்வது ஒன்று இன்னொன்றாக மாறுவது. நாம் தேடுவது நான்கு ஒன்றுகூடுவது. ஒரு பத்தி மட்டும் பொருந்தினால் அதைக் கிளைக்குறிப்பாக ஓரத்தில் எழுதுங்கள், வம்சாவளியில் சேர்க்க வேண்டாம்.

படி 8: நம் பக்கத்துக் கதைகள்

வீட்டில் தாத்தாவிடம் சொன்னால், "இதெல்லாம் எங்கட காலத்திலேயே திருவிழாவில செப்படி வித்தைக்காரன் செய்தான்" என்பார். கேளுங்கள், எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த வயதில் பார்த்தார், என்ன பொருள், எத்தனை, எதால் மூடினான் என்று மெதுவாகக் கேட்டால் பெரும்பாலும் கிண்ணமும் பந்தும் என்றுதான் முடியும். அது மூலைகளில் கூடும் வித்தை இல்லை, ஆனால் அதற்கும் பெரிய சரித்திரம் உண்டு. ரோமானிய அறிஞர் செனெகா முதலாம் நூற்றாண்டிலேயே கிண்ணமும் கூழாங்கல்லும் வைத்துச் செய்பவர்களைத் தம் கடிதம் ஒன்றில் குறிப்பிடுகிறார். இந்தியக் கிண்ணத்தின் தலையில் பிடிப்பதற்குக் குமிழ் இருக்கும், அதை விரல்களுக்கு இடையில் பிடிப்பார்கள். அதனால் ஐரோப்பியர் செய்வதும் இவர்கள் செய்வதும் பார்ப்பதற்கு ஒன்றாக இருந்தாலும் கைவேலை வேறு. ஒன்று போல் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆட்கள் கடல் தாண்டிப் போய் வந்ததும் உண்மை. இந்தியாவிலிருந்து போன ராமோ சாமி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் பெயர் வாங்கிய வித்தைக்காரர்.

மலையகத்துக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. நுவரெலியாவில் துரைமாரின் ஹில் கிளப் தொடங்கியது 1876. மேஜிக் உலகின் பெரிய நூலான புரொஃபசர் ஹொஃப்மனின் "மாடர்ன் மேஜிக்" வந்ததும் 1876. கிளப்பில் சீட்டு மேசை, மேசையில் சிப்ஸ், கையில் புது நூல் என்று கதை தானாகவே ஓடும். ஆண்டு ஒன்றாக இருப்பது தற்செயல். ஒரு துரை அங்கே சிப்ஸ் வித்தை செய்தார் என்று ஒரு கடிதமோ பத்திரிகைச் செய்தியோ கிடைக்கும்வரை இதை எழுதக் கூடாது.

படி 9: பதிவு

கடைசியில் கொப்பியில் இப்படி இருந்தால் போதும்:

"வித்தை: நான்கு பொருள் ஒரே மூலையில் கூடுவது. மூடுவது: கைகள். கிளை: சிங்க்-அ-சிங்க், மாலினி (சீனிக்கட்டி). மூத்த உறவு: சிம்பதெட்டிக் காயின்ஸ், யாங்க் ஹோ; நான் வாசித்தது டவுன்ஸ், 1909. கைவேலை: நான் கற்றது இன்னாரிடம், அவருக்கு முன் தெரியவில்லை. பொருள்: போக்கர் சிப்ஸ்."

"தெரியவில்லை" என்று எழுத வெட்கப்பட வேண்டாம். அடுத்த முறை அந்த இடத்திலிருந்துதான் தேடத் தொடங்குவீர்கள்.

கலைவிழாவில் அறிவிப்பாளரிடம் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: "மேக்ஸ் மாலினி சீனிக்கட்டியில் செய்த வித்தையை, எங்கள் மாணவர் சிப்ஸில் செய்கிறார்." உயிரோடு இருக்கும் ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கிய பாடம் என்றால் அவர் பெயரையும் சேருங்கள். அதைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு முன் அவருக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள்.