ஃபோல்டருக்கு பாஸ்வேர்ட் போடுவதில் நாம் செய்யும் தவறுகள்

என் சித்தப்பா புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, பழையதில் பூட்டி வைத்திருந்த ஒரு ஃபோல்டரை மாற்றித் தரச் சொன்னார். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பான் கார்டு, ஃபிக்ஸட் டெபாசிட் கணக்கு எல்லாம் அதில்தான். ஐந்து வருடமாக பாஸ்வேர்ட் போட்டு வைத்திருந்தார். போய்ப் பார்த்தால், யாரோ கொடுத்த ஒரு சின்ன பேட் கோப்பு, அதாவது விண்டோஸுக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. டபுள் கிளிக் செய்தால் கறுப்புத் திரை வந்து பாஸ்வேர்ட் கேட்கும், சரியாக அடித்தால் ஃபோல்டர் தெரியும். அந்த பேட் கோப்பை நோட்பேடில் திறந்து காட்டினேன். நடுவில் ஒரு வரியில் அவருடைய பாஸ்வேர்ட் பச்சையாக இருந்தது. "அப்போ இத்தனை நாளா திறந்துதான் கிடந்துதாப்பா?" என்றார்.

ஆமாம், திறந்துதான் கிடந்தது. அந்தக் கோப்பு செய்ததெல்லாம் ஃபோல்டரின் பெயரை மாற்றி, 'மறைக்கப்பட்டது', 'சிஸ்டம்' என்ற இரண்டு அடையாளங்களைப் போட்டதுதான். மறைந்திருப்பவற்றைக் காட்டும்படி எக்ஸ்ப்ளோரரில் அமைப்பை மாற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும். உள்ளே இருந்த பத்திரத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. கோப்பின் உள்ளடக்கத்தையே பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி கலைத்து வைப்பதுதான் பூட்டு. அதற்குப் பெயர் குறியாக்கம். எந்த மென்பொருளைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது குறியாக்கம் செய்கிறதா, வெறுமனே மறைக்கிறதா என்பதுதான்.

இதே குழப்பம் விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டிலும் உண்டு. கம்ப்யூட்டரைத் திறக்கும்போது பாஸ்வேர்ட் கேட்கிறதே, அது போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்க் குறியாக்கம் செய்யப்படவில்லை என்றால் போதாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ, பென்டிரைவில் இருந்து லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஓட்டினாலோ, லாகின் பாஸ்வேர்டைத் தொடாமலே கோப்புகளைப் படிக்கலாம். லேப்டாப் திருடு போனால், அல்லது ரிப்பேர் கடையில் நான்கு நாள் கிடந்தால், இதுதான் ஆபத்து. விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பில், கருவி ஒத்துழைத்தால், 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அதன் எளிய வடிவம் உண்டு. மேக்கில் ஃபைல்வால்ட். இவற்றை இயக்கினால் டிஸ்க்கே கலைந்த எழுத்தாகிவிடும்.

ஆனால் நீங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் இவை எதுவும் காக்காது. திறந்திருக்கும் வரை யார் உட்கார்ந்தாலும் எல்லாம் தெரியும். பிள்ளைகள் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் கவலை என்றால், அவர்களுக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கு போட்டுக் கொடுங்கள். அட்மின் உரிமை வேண்டாம். அதற்கு மேல் பூட்டு தேவையே இல்லை.

சரி, குறிப்பிட்ட சில கோப்புகளுக்கு மட்டும் பூட்டு வேண்டும் என்றால்? விண்டோஸில் ஃபோல்டருக்கு நேரடியாக பாஸ்வேர்ட் போடும் வசதி கிடையாது. பெரும்பாலானவர்கள் போவது ஜிப் கோப்புக்கு. இங்கேதான் கவனம் தேவை. பழைய ஜிப் பூட்டு ஜிப்கிரிப்டோ எனப்படும். 1994-லேயே எலி பிஹாம், பால் கோச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் அதை உடைக்கும் வழியைக் காட்டிவிட்டார்கள். இன்றும் 7-ஜிப் மென்பொருளில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் முதலில் வந்து நிற்பது அதுதான். வடிவத்தை 7இசட் என்று மாற்றுங்கள், பூட்டு ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்கம் ஆகிவிடும். பக்கத்திலேயே 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் கோப்பைத் திறக்க முடியாதே தவிர, பெயர்களை யாரும் படிக்கலாம். 'அப்பா பயாப்ஸி ரிப்போர்ட்' என்ற பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே.

எக்செலில் 'புரொடெக்ட் ஷீட்' போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதும் இப்படித்தான். அது கலங்களை மாற்றாமல் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. ஃபைல், இன்ஃபோ வழியாகப் போய் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' போட்டால்தான் உண்மையான பூட்டு. அதையும் ஆஃபீஸ் 2007-ல் வந்த புதிய கோப்பு வடிவத்தில் போடுங்கள். பழைய எக்ஸ்எல்எஸ், டாக் கோப்புகளின் பூட்டு மிகப் பலவீனமானது.

பாஸ்வேர்ட் விஷயத்துக்கு வருவோம். ஏடிஎம்மில் மூன்று முறை தப்பாக அடித்தால் கார்டு முடங்கிவிடும். பூட்டிய கோப்பை ஒருவர் காப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டால் அவரைத் தடுக்க ஆள் இல்லை, இரவு பகலாக முயன்றுகொண்டே இருக்கலாம். பிறந்த தேதியை பாஸ்வேர்டாகப் போட்டால், நூறு வருடத்துத் தேதிகளை எல்லாம் சேர்த்தாலும் சுமார் 36,500தான். ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரே அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். ஆதார் தளத்தில் இருந்து இறக்கும் இ-ஆதார் பிடிஎஃப்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாஸ்வேர்ட், ஆங்கிலத்தில் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும். பெயரும் வயதும் தெரிந்த எவரும் திறந்துவிடலாம். பாஸ்வேர்ட் கேட்கிறதே என்று அதை அப்படியே விட்டுவைக்காமல் உங்கள் பூட்டுக்குள் போடுங்கள். பாஸ்வேர்டுக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களை வரிசையாகச் சேருங்கள். அம்மி, தந்தி, கத்தரி, பல்லவன், நிழல் என்பதுபோல ஆங்கில எழுத்தில் அடித்தால் நீளமும் வரும், நினைவிலும் நிற்கும். இதையே எடுத்துக்கொள்ளாமல், அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு புரட்டி உங்களுக்கென்று பொறுக்கிக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு வரி வேண்டாம்.

அப்புறம், கிட்டத்தட்ட எல்லோரும் மறந்துவிடும் ஒன்று: மூலக் கோப்பு. ஃபோல்டரை 7-ஜிப்பில் பூட்டினால் பூட்டிய பிரதி ஒன்று உருவாகிறது, பழைய ஃபோல்டர் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. அதை அழித்தால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். அங்கிருந்தும் அழித்தாலும், ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்பு மென்பொருளால் பல நேரம் திரும்பக் கொண்டுவரலாம். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் அங்கேயும் ஒரு பிரதி, அழித்த பிறகும் அதன் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். டவுன்லோட்ஸ், வாட்ஸ்அப்பில் வந்தது, ஈமெயிலில் அனுப்பியது என்று தேடினால் இன்னும் அகப்படும். அடிக்கடி திறந்து திருத்தும் கோப்புகளுக்கு 7-ஜிப் தோதுப்படாததும் இதனால்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தற்காலிகமாக ஒரு திறந்த பிரதி டிஸ்க்கில் விழுகிறது. இதற்கு நான் பயன்படுத்துவது வெராகிரிப்ட். இலவசம். ஒரு பெரிய பெட்டிபோல ஒரு கோப்பை உருவாக்கி, பாஸ்வேர்ட் கொடுத்ததும் அதை இன்னொரு டிரைவாகக் காட்டும். புதுக் கோப்பை ஆரம்பத்தில் இருந்தே அதற்குள் சேமித்தால் வெளியே சிதறுவது பெருமளவு குறையும்.

இவ்வளவு சொன்னாலும், வீட்டில் அதிகமாக நடக்கும் இழப்புக்குத் திருடன் காரணமல்ல, மறதிதான். எனக்கே நடந்தது. அப்பாவின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து பூட்டினேன், மூலத்தை அழித்தேன். இரண்டு வருடம் கழித்து பாஸ்வேர்ட் வரவில்லை. மனதில் தோன்றிய அத்தனையையும் ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். அந்தக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை. நல்ல குறியாக்கத்தில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்ற பொத்தான் கிடையாது. ஆனால் பிட்லாக்கருக்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுவதால், அப்படி ஒரு சாவி இருப்பதே பலருக்குத் தெரியாது. மதர்போர்டு மாற்றிய மறுநாள் நீலத் திரை அந்த எண்ணைக் கேட்கும்போதுதான் தெரியும். இன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எடுத்துத் தாளில் எழுதிவிடுங்கள்.

சித்தப்பாவுக்கு வெராகிரிப்ட் பெட்டி ஒன்று செய்து கொடுத்தேன். அதன் பிரதி ஒன்றைத் தனி ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டோம், ஏனென்றால் அந்த ஒரு கோப்பு கெட்டால் எல்லாமே போய்விடும். பாஸ்வேர்டை அவரே தாளில் எழுதி, பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அப்புறம் சித்தியைக் கூப்பிட்டு, அந்தத் தாளை மட்டும் பார்த்துத் திறக்கச் சொன்னோம். முதல் தடவை திறக்கவில்லை. சித்தப்பாவின் கையெழுத்தில் 'எல்' எழுத்தும் ஒன்றும் ஒரே மாதிரி இருந்தன. திருத்தி எழுதி, சித்தி திறந்து காட்டிய பிறகுதான் பழைய ஃபோல்டரை அழித்தோம்.