கிரேடா, அழகா? வெள்ளி ரூபாய் வாங்கத் தொடங்குவோருக்கு

என் மேசையில் இரண்டு 1918 வெள்ளி ரூபாய்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஐந்தாம் ஜார்ஜ் தலை. ஒன்று எம்.எஸ். 62 என்று சீட்டு போட்ட ஸ்லாபில், அதாவது கிரேடு நிறுவனம் மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டியில், இருக்கிறது. இன்னொன்று ஏ.யூ. 58, அதாவது லேசாக மட்டும் புழங்கியது. கிரேடு, அதாவது நாணயத்தின் நிலைக்குப் போடும் தர எண், அதிகம் என்பதால் முதலாவதுக்குத்தான் கூடுதல் விலை கொடுத்தேன். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால் நான் எடுத்துக் காட்டுவது இரண்டாவதைத்தான். முதலாவதில் ராஜாவின் கன்னத்தில் குறுக்காக ஒரு வெட்டு இருக்கிறது. மேற்பரப்பும் சுண்ணாம்பு பூசியது போல மங்கிக் கிடக்கிறது. இரண்டாவதில் புருவத்திலும் கன்ன மேட்டிலும் லேசான தேய்மானம், அவ்வளவுதான். எழுத்துகளுக்கு நடுவே ஒளி அப்படியே நிற்கிறது, ஓரத்தில் வெளிர்பொன் நிறம் படர்ந்திருக்கிறது.

கிரேடு குறைந்த நாணயம் எப்படி அழகாக இருக்க முடியும்? 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். நாணயங்களுக்கு கிரேடு போடும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. நிறுவனங்கள் இன்று பயன்படுத்துவது அதிலிருந்து வளர்ந்ததுதான். 60-லிருந்து மேலே எல்லாம் எம்.எஸ்., அதாவது புழங்கித் தேயாத நாணயம். ஆனால் புழங்காத நாணயமும் அடிபடும். நாணயச்சாலையில் அச்சடித்து மூட்டை கட்டி அனுப்பும்போது ஒன்றோடொன்று மோதிக் காயப்படும். அப்படி மேலெல்லாம் காயத்தோடு வருவதுதான் 60, 61, 62. கொஞ்ச நாள் மட்டும் கைமாறிவிட்டு யாரோ பத்திரமாக எடுத்து வைத்தது 58. சேகரிப்பவர்கள் ‘ஐ அப்பீல்’ என்று சொல்லும் அழகு 58-ல் பல சமயம் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

சரி, கடையில் நாணயத்தைக் கையில் வாங்கியதும் என்ன செய்வது?

படி 1: சீட்டை மூடிவிட்டுப் பாருங்கள்

ஸ்லாபில் இருந்தால் சீட்டைக் கட்டைவிரலால் மறையுங்கள். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, லென்ஸ் இல்லாமல், கண் முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். முகத்துக்குப் போனால் நல்லது. ஒரு கீறலுக்கோ கறைக்கோ போனால், வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் தினமும் அங்கேதான் போகும். கிரீடத்தின் வேலைப்பாட்டுக்குள் ஒளிந்த காயம் உறுத்தாது. அதே அளவு காயம் வெறுமையான கன்னத்திலோ முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்திலோ விழுந்தால் நாணயமே கெட்டது போல இருக்கும்.

படி 2: ஒரே ஒரு குண்டு பல்பு

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். டியூப் லைட் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஒற்றைக் குண்டு பல்பின் கீழே நாணயத்தை விளிம்பில் பிடித்து, மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சடிக்கும் அழுத்தத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வழிந்ததால் மேற்பரப்பில் நுண்ணிய வரிகள் இருக்கும். அவற்றில் பட்டு வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுழன்று வரும். இதுதான் லஸ்டர். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்கவே மாட்டீர்கள்.

சுழலும் ஒளி கன்ன மேட்டில் அறுந்து, அங்கே சாம்பல் திட்டு தெரிந்தால் அது தேய்மானம். விவரம் மழுங்கியிருந்தும் ஒளி அறுபடாமல் ஓடினால் அச்சு சரியாக விழவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு வித்தியாசம்தான் ஏ.யூ.-வையும் எம்.எஸ்.-ஐயும் பிரிக்கிறது.

படி 3: நீங்களே கிரேடு போடுங்கள்

ஐந்து மடங்கு லென்ஸ் போதும். ஜார்ஜ் ரூபாயில் புருவம், கன்ன மேடு, கிரீடத்தின் மணிகள், அங்கியில் உள்ள யானை ஆகிய இடங்களைப் பாருங்கள். தராசில் வையுங்கள், 11.66 கிராமுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். புத்தம் புதிதாகத் தெரிந்தும் எடை நன்றாகக் குறைந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

“வெளிநாட்டுக்கு அனுப்பி கிரேடு வாங்கிக்கலாம் சார்” என்று சிலர் சொல்வார்கள். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ன் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். தனி ஆள் அதை இந்தியாவுக்கு வெளியே அனுப்பக் கூடாது. ஆகவே உங்கள் கண்ணைத்தான் பழக்க வேண்டும்.

படி 4: தேய்த்ததையும் ஒட்டியதையும் ஒதுக்குங்கள்

நம் வீடுகளில் பூஜை வெள்ளியை விபூதி போட்டுத் தேய்ப்பது வழக்கம். பாத்திரத்துக்கு அது சரி. நாணயத்தில் அந்தச் சாம்பல் முடி இழை போன்ற கோடுகளைப் போட்டுவிடும். நான் முதன்முதலில் ‘யூ.என்.சி.’, அதாவது புழங்காதது, என்று நம்பி வாங்கிய ரூபாய் அப்படிப்பட்டதுதான். கண்காட்சியில் டியூப் லைட்டில் வெள்ளை வெளேரென்று மின்னியது. வீட்டில் பல்பின் கீழே சாய்த்தேன். ஒரே திசையில் நூற்றுக்கணக்கான கோடுகள். சுழல வேண்டிய ஒளி சுழலவே இல்லை. அன்று இரவு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது விளிம்பு. காசுமாலையிலோ பதக்கமாகவோ கிடந்த ரூபாயில் வளையம் ஒட்டியிருப்பார்கள். அதை எடுத்து அரம் போட்டுத் தேய்த்திருந்தாலும் தலைக்கு நேர் மேலே விளிம்பு தட்டையாக இருக்கும், பற்றுவைத்த வெள்ளி வேறு நிறத்தில் தெரியும். இந்த இரண்டு வகைக்கும் கிரேடு நிறுவனங்கள் எண் கொடுப்பதில்லை, ‘டீடெய்ல்ஸ்’ என்று மட்டும் எழுதிவிடும். மின்னுகிறதே என்று மயங்காதீர்கள்.

படி 5: நிறம்

வெள்ளியில் காலப்போக்கில் கந்தகம் சேர்ந்து படரும் மெல்லிய படலம்தான் டோனிங். படலம் தடிக்கத் தடிக்க வெளிர்பொன், செம்பு கலந்த ஊதா, நீலம் என்று நிறம் மாறி, கடைசியில் கறுப்பாகும். இயற்கையாக வந்தால் இந்த வரிசையில் ஒன்றுக்குள் ஒன்று கரையும். லஸ்டர் அதனூடே தெரியும். பொன் நிறமே இல்லாமல் திடீரென்று மயில்நீலம் அப்பியிருந்தாலோ, கீறலின் உள்ளேயும் அதே நிறம் அப்படியே இறங்கியிருந்தாலோ சந்தேகப்படுங்கள். கைக்குப் பிசுபிசுக்கும் பச்சை டோனிங்கே அல்ல, மட்டமான பி.வி.சி. உறையின் வேலை அது.

படி 6: எத்தனை கிடைக்கும் என்று பார்த்து முடிவெடுங்கள்

கிரேடும் அழகும் மோதும்போது எதை விடுவது என்பதை நாணயத்தின் அபூர்வம்தான் சொல்லும். 1918 ரூபாய் கோடிக்கணக்கில் அடித்தது. முதல் உலகப் போரால் வெள்ளி போதாமல், அமெரிக்கா பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்து ரூபாயானது. இவ்வளவு கிடைக்கும் வருடத்தில் அவசரமே வேண்டாம். நான்கு எண் குறைந்தாலும் அழகானதற்காகக் காத்திருங்கள், காசும் மிஞ்சும்.

1911 வேறு கதை. அந்த வருட அச்சில் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் திருத்தினார்கள். இதில் கொஞ்சம் மங்கலை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் யானை தேய்ந்திருந்தால் வேண்டாம்; அதற்காகத்தானே இந்த வருடத்தையே தேடுகிறோம். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் மிக அரிது. அங்கே அழகு கடைசி. முதல் கேள்வி அசல்தானா என்பது. 1938-ன் கடைசி எண்ணைத் திருத்தி விற்கிறார்கள். லென்ஸை அந்த 9-ன் மேலே வைத்து, சுற்றியுள்ள வெள்ளி சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.