ஃபைடோநெட் அஞ்சலை உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம்: பிங்க்டி முதல் பாடம்

1984-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் தன் புல்லட்டின் போர்டுக்காக (மற்றவர்கள் தொலைபேசி வழியாக அழைத்துக் கடிதங்களும் கோப்புகளும் பகிரும் கணினி) ஃபைடோ என்ற மென்பொருளை எழுதினார். பால்டிமோரில் ஜான் மாடில் என்பவரும் அதையே ஓட்டினார். தொலைபேசிக் கட்டணம் குறைவாக இருக்கும் இரவு நேரத்தில் ஒரு கணினி மற்றதை அழைக்கும், சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கொடுக்கும், இணைப்பைத் துண்டிக்கும். ஃபைடோநெட் பிறந்தது இப்படித்தான். 1990-களின் நடுவில் அதில் 30,000-க்கும் மேற்பட்ட நோடுகள், அதாவது வலையில் சேர்ந்த கணினிகள், இருந்தன. பெரும்பாலும் ஆர்வலர்கள் சொந்தச் செலவில் நடத்தியவை.

அப்புறம் இணையம் வந்தது. தொலைபேசிக் கம்பி போனாலும், கடிதத்தைச் சேர்த்துவைத்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முறை போகவில்லை. அந்த முறையை பிங்க்டி என்ற நிரலைக் கொண்டு நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மோடம் வேண்டாம், யாரிடமும் நோடு எண் கேட்க வேண்டாம். டெபியன் லினக்ஸ் இருக்கும் ஒரு கணினியோ ராஸ்ப்பெரி பையோ போதும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

ஃபைடோநெட்டில் மூன்று வேலைகளை மூன்று நிரல்கள் பிரித்துக்கொள்கின்றன. கடிதம் எழுதவும் படிக்கவும் ஓர் எடிட்டர். கடிதங்களைப் பொட்டலம் கட்டவும், வந்த பொட்டலத்தைப் பிரித்து அடுக்கவும் ஒரு டாஸர். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வர ஒரு மெயிலர். தபால்காரருக்கு உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியத் தேவையில்லை, அல்லவா? அதேதான்.

இப்படிப் பிரித்திருந்ததால்தான் இணையத்துக்கு மாறியபோது மெயிலரை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது. முதலில் சிலர் பொட்டலங்களை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினார்கள். சிலர் இணைய இணைப்பையே மோடம் போலக் காட்டும் நிரல்களைப் போட்டுப் பழைய மெயிலர்களை ஓட்டினார்கள். இரண்டும் ஒட்டுவேலைதான். சரியான தீர்வு டீமா மாலோஃப் எழுதிய பிங்க்டி மெயிலரும், அது பேசும் பிங்க்பி நெறிமுறையும்.

பழைய நெறிமுறைகள் இரைச்சல் நிறைந்த தொலைபேசிக் கம்பிக்காக எழுதப்பட்டவை. எக்ஸ்மோடம் 128 பைட் அனுப்பும், "சரியாக வந்ததா?" என்று காத்திருக்கும், பதில் வந்த பிறகே அடுத்த 128. இணையத்தில் பிழை பார்க்கும் வேலையை அதன் அடிப்படை நெறிமுறையான டிசிபி ஏற்கெனவே செய்துவிடுகிறது. ஆகவே பிங்க்பி அதைத் திரும்பச் செய்வதில்லை. கோப்பைத் துண்டுகளாக ஓடவிடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் இரண்டே பைட் தலைப்பு: முதல் பிட் இது கட்டளையா, கோப்புத் தரவா என்று சொல்லும், மீதி 15 பிட்டும் நீளம். இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். எதிர்ப்பக்கம் "கிடைத்தது" என்று சொன்ன பிறகுதான் அனுப்பியவர் அந்தக் கோப்பை வரிசையிலிருந்து எடுப்பார். இடையில் இணைப்பு அறுந்தாலும் கடிதம் தொலையாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

படி 1: நிறுவுதல்

டெபியனின் பேக்கேஜ் பட்டியலில் பிங்க்டி இருக்கிறது, வழக்கம்போல ஏப்ட் மூலம் நிறுவுங்கள். நிறுவியதும் அது பின்னணியில் தானாக ஓடத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நமக்கு வேண்டிய போர்ட்டை அது பிடித்துக்கொள்ளும்.

படி 2: இரண்டு நோடுகள்

உங்கள் ஹோம் ஃபோல்டரில் 'ஏ', 'பி' என்று இரண்டு ஃபோல்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று: வந்ததை வைக்க இன்பவுண்ட், கடவுச்சொல் இல்லாமல் வந்ததை வைக்க இன்னொரு இன்பவுண்ட், போக வேண்டியதை வைக்க அவுட்பவுண்ட்.

ஃபைடோநெட் முகவரியில் மண்டலம், நெட், நோடு என்ற வரிசையில் எண்கள் வரும். நம் சோதனைக்கு ஏ-யின் முகவரி 999:1/10, பி-யின் முகவரி 999:1/20 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான ஃபைடோநெட்டில் 999 என்ற மண்டலம் கிடையாது. அதனால் யாருடைய எண்ணையும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

படி 3: அமைப்புக் கோப்பு

பிங்க்டியோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பை இரண்டு நகல் எடுத்து, இந்த வரிகளை மாற்றுங்கள். சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

டொமைன் (domain) வரியில் லேப்நெட் (labnet) என்ற பெயர், அந்த நோடின் அவுட்பவுண்டுக்கு முழுப் பாதை, கடைசியில் 999. அட்ரஸ் வரியில் அதன் முகவரி, அதோடு ஒட்டி அட் குறியும் லேப்நெட்டும். ஐபோர்ட் (iport) வரியில் ஏ-க்கு 24554, பி-க்கு 24555. இவற்றில் 24554-தான் பிங்க்பியின் அதிகாரபூர்வ எண். இரண்டு நோடும் ஒரே கணினியில் இருப்பதால் பி-க்கு வேறு எண் தருகிறோம். இன்பவுண்ட், லாக் வரிகளில் அந்தந்த ஃபோல்டரின் பாதை.

கடைசியாக நோடு வரி. ஏ-யின் கோப்பில் பி-யின் முகவரியையும், 127.0.0.1:24555 என்பதையும், ஒரு கடவுச்சொல்லையும் எழுதுங்கள். பி-யின் கோப்பில் ஏ-யின் முகவரி, 127.0.0.1:24554, அதே கடவுச்சொல். மோடம் காலத்தில் இந்த இடத்தில் தொலைபேசி எண் இருந்தது.

படி 4: கடிதத்தை வரிசையில் வைத்தல்

எல்லோரும் தடுமாறும் இடம் இது, நிதானமாகச் செய்யுங்கள். பிங்க்டி எதை, யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை அவுட்பவுண்டில் உள்ள கோப்பின் பெயரை வைத்தே தெரிந்துகொள்கிறது. நெட் எண் நான்கு இலக்கம், நோடு எண் நான்கு இலக்கம், இரண்டும் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணில். 20 என்பது பதினாறடிமானத்தில் 14. ஆக, பி-க்கான பெயர் 00010014. நேரடியாக 00010020 என்று எழுதினால் அது 32-ஆம் நோடுக்குப் போக வேண்டியதாகிவிடும், கடிதம் அசையாமல் கிடக்கும்.

ஏ-யில் ஒரு சிறு உரைக் கோப்பை எழுதிச் சேமியுங்கள். பிறகு ஏ-யின் அவுட்பவுண்டில் 00010014 என்ற பெயரும் சிஎல்ஓ (.clo) என்ற பின்னொட்டும் கொண்ட கோப்பை உருவாக்கி, அதற்குள் அந்தக் கடிதத்தின் முழுப் பாதையை எழுதுங்கள். பின்னொட்டின் முதல் எழுத்தான சி "உடனே அழைத்துக் கொடு" என்பதைக் குறிக்கும். பாதைக்கு முன்னால் கூரைக்குறி (^) போட்டால் அனுப்பிய பிறகு மூலக் கோப்பு அழிக்கப்படும். இப்போதைக்கு வேண்டாம்.

படி 5: அழைப்பு

இரண்டு டெர்மினல் திறவுங்கள். ஒன்றில் பி-யின் அமைப்புக் கோப்போடு பிங்க்டியைக் கழித்தல் எஸ் (-s) விருப்பத்தில் ஓட்டுங்கள், அது அழைப்புக்காகக் காத்திருக்கும். மற்றதில் ஏ-யின் கோப்போடு கழித்தல் சிறிய பி (-p). அது அழைக்கும், கொடுக்கும், முடிந்ததும் வெளியேறும்.

ஏ-யின் லாகைப் பாருங்கள். கடவுச்சொல்லால் காக்கப்பட்ட இணைப்பு என்ற வரியும், இறுதியில் ஒன்று அனுப்பப்பட்டது, பூஜ்யம் பெறப்பட்டது என்ற கணக்கும் இருக்கும். பி-யின் இன்பவுண்டில் கடிதம் கிடக்கும். சிஎல்ஓ கோப்பு மறைந்திருக்கும்.

இப்போது ஒரு பக்கம் மட்டும் கடவுச்சொல்லை மாற்றி மீண்டும் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். இணைப்பு மறுக்கப்படும், ஆனால் கடிதம் வரிசையிலேயே பத்திரமாக இருக்கும். பார்த்துவிட்டுப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

படி 6: காத்திருக்கும் கடிதம்

பி-யின் அவுட்பவுண்டில் ஏ-க்கு ஒரு கடிதம் வையுங்கள். 10 என்பது பதினாறடிமானத்தில் ஏ என்ற எழுத்து, எனவே பெயர் 0001000ஏ (0001000a). பின்னொட்டு இம்முறை எச்எல்ஓ (.hlo), அதாவது "அவர் வந்து கேட்கும்வரை வைத்திரு". பி தானாக அழைக்காது. ஏ-யிலிருந்து கழித்தல் பெரிய பி (-P) விருப்பத்தோடு பி நோடின் முகவரியையும் சேர்த்து, கழித்தல் சிறிய பி-யோடு (-p) ஓட்டினால், கையில் எதுவும் இல்லாமல் அழைத்த ஏ திரும்பும்போது கடிதத்தோடு வரும்.

வீட்டு ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு வெளியிலிருந்து யாரும் வழக்கமாக நேராக அழைக்க முடியாது. அதனால் உண்மையான ஃபைடோநெட்டில் புதியவர்கள் பெரும்பாலும் ஒரு நோடின் கீழ் பாயின்ட் ஆகச் சேர்கிறார்கள். அந்த நோடை நடத்துபவரை பாஸ் என்பார்கள். அவர் உங்கள் கடிதங்களை இப்படித்தான் நிறுத்திவைப்பார். முகவரியின் கடைசியில் புள்ளி வைத்து உங்களுக்கு ஓர் எண் தருவார், ஒரு கடவுச்சொல்லும் தருவார். உங்கள் நோடு வரியில் அவருடைய நோடு முகவரியையும், 127.0.0.1:24555 இருக்கும் இடத்தில் அவருடைய கணினியின் பெயரையும், அவர் தந்த கடவுச்சொல்லையும் எழுதி, அட்ரஸ் வரியில் அவர் தந்த முகவரியைப் போட்டு, டொமைன் வரியின் 999-க்குப் பதில் அவருடைய மண்டல எண்ணையும், எல்லா வரிகளிலும் லேப்நெட்டுக்குப் பதில் ஃபைடோநெட் (fidonet) என்றும் எழுதுங்கள். பிறகு அழையுங்கள்.

எல்லோரும் படிக்கும் பொது விவாதக் கடிதங்களான எக்கோமெயிலின் முதல் பொட்டலம் வந்ததும் அதன் பின்னொட்டைக் கவனியுங்கள். திங்களன்று கட்டியது என்றால் எம்ஓ, வெள்ளியன்று என்றால் எஃப்ஆர் என்று கிழமையின் ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் இருக்கும். இரவுக்கு ஒருமுறை கடிதம் போன காலத்தில் வைத்த பெயர் அது.