காந்தத்தை நம்பி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்காதீர்கள்

மாவு மிக்ஸர், பால் டேங்க் என்று எது வாங்கினாலும், காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக அதை 304 என்ற நல்ல ரக ஸ்டீல் என்று நம்பிவிடாதீர்கள். காந்தத்தை விட, ஸ்டீல் கடைகளில் கிடைக்கும் டெஸ்டிங் திரவமும் 9 வோல்ட் பேட்டரியும்தான் உதவும். வெளியே தெரியாத ஓரத்தைத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, பேட்டரியை வைத்துப் பாருங்கள். சட்டென்று சிவந்தால் அது 200 வரிசை, அதாவது 201, 202 போன்ற மலிவான ரகம். அப்புறம் அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

304-ல் சுமார் 18% குரோமியம், 8% நிக்கல். மலிவான 201, 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். அதனால் அதிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் துரு சீக்கிரம் வரும். திரவம் காட்டிக்கொடுப்பது அந்த மாங்கனீஸைத்தான். வேடிக்கை என்னவென்றால், அசல் 304-ஐ வளைத்த மூலையில் காந்தம் லேசாக ஒட்டும்!

304-ஆ, உப்பைத் தாங்க மாலிப்டினம் சேர்த்த 316-ஆ என்பதை இந்தத் திரவம் சொல்லாது. அதற்கு மாலிப்டினம் திரவம் தனியாக உண்டு. ஊறுகாய், உப்புத் தண்ணீர் டேங்க் என்றால் அந்தத் திரவத்தையும் கேட்டு வாங்குங்கள்.