கண் பரிசோதனை இன்சூரன்ஸ் கிளெயிமுக்கு எந்தக் கோடு போடுவது?

அமெரிக்க கண் கிளினிக்குகளுக்கு பில்லிங் செய்பவர்கள், ஐசிடி-10 கோடு (நோயையோ வந்த காரணத்தையோ குறிக்கும் குறியீடு) தேடுவதற்கு முன்னால் நோயாளி எதற்காக வந்தார் என்று சார்ட்டில் பாருங்கள். வழக்கமான செக்கப், கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்றால் பெரும்பாலும் விஷன் பிளான் (வழக்கமான கண் பரிசோதனை, கண்ணாடிக்கான தனிக் காப்பீடு). பார்வை திடீரென மங்கியது, கண் சிவந்து உறுத்துகிறது, சர்க்கரை இருப்பதால் விழித்திரை பார்க்க வேண்டும் என்றால் மெடிக்கல் இன்சூரன்ஸ். செக்கப்புக்கு வந்தவருக்கு டாக்டர் கண்புரை கண்டுபிடித்தால் முதலில் இசட்01.01 (கண் செக்கப்பில் பாதிப்பு தெரிந்தது என்பதற்கான கோடு), அப்புறம் கண்புரைக்கான கோடு. எதைப் போட்டால் பணம் வரும் என்று பார்த்துக் கோடு போடவே கூடாது, ஆடிட்டில் சார்ட்டைத்தான் கேட்பார்கள்.

அடுத்து, எந்தக் கண்? கிட்டப்பார்வைக்கு வலது ஹெச்52.11, இடது ஹெச்52.12, இரண்டும் ஹெச்52.13. எந்தக் கண் என்று சொல்லாத ஹெச்52.10-ஐத் தொடாதீர்கள், டாக்டர் கண்ணைப் பார்த்துத்தானே எழுதியிருக்கிறார்! வெள்ளெழுத்துக்கு இந்தப் பிரிவு கிடையாது, ஹெச்52.4 அவ்வளவுதான்.

சர்க்கரை நோயில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டைப் 2, விழித்திரையில் பாதிப்பே இல்லை, வேறு சிக்கலும் இல்லை என்றால் இ11.9. இரண்டு கண்ணிலும் ஆரம்பநிலை ரெட்டினோபதி (சர்க்கரையால் வரும் விழித்திரை பாதிப்பு), மாக்குலாவில் (விழித்திரையின் மையப்பகுதி) வீக்கம் இல்லை என்றால் இ11.3293, கடைசி 3 இரண்டு கண்ணையும் குறிக்கிறது, இதோடு இ11.9-ஐச் சேர்க்கக் கூடாது. இன்சுலின் போட்டால் இசட்79.4, மாத்திரை என்றால் இசட்79.84, இரண்டும் என்றால் இரண்டையும் போடுங்கள்.

குளுக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் நோய்) கோடுகள் பலவற்றில் கடைசி இலக்கம் நோயின் நிலையைச் சொல்லும், இரண்டு கண்ணும் வெவ்வேறு நிலையில் இருந்தால் தனித்தனிக் கோடு. 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று டாக்டர் எழுதியதை உறுதியான நோயாக்காதீர்கள், அறிகுறியைக் கோடு செய்யுங்கள். குளுக்கோமா சந்தேகத்துக்கு மட்டும் ஹெச்40.0 வரிசையில் தனிக் கோடுகளே இருக்கின்றன.

கோடு சரியாக இருந்தும் பாயின்ட்டர் (எந்தப் பரிசோதனை எந்த நோய்க் கோடுக்காக என்று காட்டும் குறி) தப்பினால் கிளெயிம் திரும்பிவிடும். சர்க்கரைக்காக வந்தவருக்குக் கண்ணாடி பவரும் பார்த்திருந்தால் பரிசோதனை வரியை இ11-க்கும், 92015 (கண்ணாடி பவர் பார்ப்பதற்கான கோடு) வரியை ஹெச்52-க்கும் காட்டுங்கள். 92015-க்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) பணம் தராது, அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பாவம், பில் வந்த பிறகு தெரிந்தால் அதிர்ந்துபோவார்.

சார்ட்டில் எந்தக் கண், எந்த நிலை என்று இல்லையா? ஊகிக்காமல் டாக்டரிடமே கேளுங்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று புதிய கோடுகள் அமலுக்கு வரும், பரிசோதனை நடந்த தேதியில் எது செல்லுமோ அதைப் போடுங்கள்.